வருகைத் தேதி: திருத்திய பதிப்பு
எட்கர் விஸ்நன்ட், முன்பு நாசாவில் வேலை பார்த்த இன்ஜினீயர். 1988 செப்டம்பர் 11 முதல் 13-க்குள் கர்த்தர் வந்து சபையை எடுத்துக்கொள்வார் என்று 88 காரணங்களை அடுக்கிப் புத்தகமே போட்டார். அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்று மத்தேயு 24-இல் இருக்கிறதே? நாளும் நாழிகையும்தானே தெரியாது, வருஷமும் வாரமும் தெரியலாமே என்றார். (வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர்.) செப்டம்பர் சும்மா போனது. காலண்டரில் பூஜ்ஜியம் வருஷம் இல்லாததால் கணக்கில் ஓராண்டு இடித்துவிட்டதாம். 1989-க்கு அடுத்த புத்தகம் வந்தது.

2011 மே 21 என்று ஊரெங்கும் விளம்பரப் பலகை வைத்த கலிஃபோர்னியா வானொலிக்காரர் ஹரால்ட் கேம்பிங்கும் இன்ஜினீயரிங் படித்தவர்தான். தேதி பொய்த்ததும் அக்டோபருக்கு வாய்தா வாங்கினார். காணிக்கையைத் திருப்பித் தருவீர்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். உலக முடிவுதான் இன்னும் வரவில்லையே, ஏன் தரவேண்டும் என்றார்.