மூட்டை சுமக்கும் துரை

பாங்காக்கின் காவ் சான் சாலை மொத்தமே சுமார் 400 மீட்டர்தான். சாவகாசமாக நடந்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் மறுமுனை வந்துவிடும். முதுகுப்பைத் தம்பதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் பிடிக்கும். விடுதி இடப்பக்கம் என்பார் அவர், வலப்பக்கம் என்பார் அம்மணி. கைபேசி வரைபடமோ இருவரும் ஆற்றுக்குள் நின்றுகொண்டிருப்பதாகக் காட்டும்.

அவர்களைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். முதுகில் இடுப்புக்குக் கீழே தொடங்கித் தலைக்கு மேலே முடிகிற மூட்டை. அது போதாதென்று மார்பில் இன்னொரு சின்னப் பை, குட்டியைக் கட்டிக்கொண்ட குரங்கு மாதிரி. கடவுச்சீட்டும் பணமும் அதில்தான் இருக்கும். இடுப்பில் யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டை. உள்ளூர்க்காரர்களோடு கலந்துவிட வேண்டும் என்று முந்தாநாள் இதே தெருவில் வாங்கியது. சுற்றிலும் அதே யானைகளோடு உலாவுகிறவர்கள் எல்லாரும் அதே எண்ணத்தில் வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள்.

நம் தாத்தா காலத்தில் வெள்ளைக்காரத் தம்பதி என்றால் துரை, துரைசானி. துரை நடந்தால் பெட்டி தூக்கப் பின்னால் நாலு ஆள் நடப்பார்கள். இந்தத் துரை தன் பெட்டியைத் தானே தூக்குகிறார். அப்படித் தூக்குவதற்காகவே ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்போது சியோலிலிருந்தும் பெங்களூரிலிருந்தும்கூட மூட்டையோடு தம்பதிகள் வரத்தான் செய்கிறார்கள். ஆனாலும் மூலவர் ஐரோப்பியத் தம்பதிதான், மற்றவர்கள் உற்சவர்கள்.

காவ் சான் சாலை 1892-ல், ஐந்தாம் ராமா மன்னர் காலத்தில் போடப்பட்டது. அரிசி வியாபாரம் நடந்த இடம். அன்று அங்கே மூட்டை தூக்கியவர்கள் கூலி வாங்கினார்கள். இன்று மூட்டை தூக்குகிறவர்கள் காசு கொடுக்கிறார்கள்.

இந்தக் குலத்துக்கு ஆதித் தம்பதி உண்டு: டோனி வீலர், மோரீன் வீலர். 1972-ல் லண்டனிலிருந்து ஒரு பழைய வண்டியில் கிளம்பி, தரைவழியாக ஆசியாவைக் கடந்து, அந்த ஆண்டுக் கடைசியில் சிட்னி போய்ச் சேர்ந்தபோது இருவரிடமும் சேர்த்து மிச்சமிருந்தது 27 சென்ட். போன வழியைக் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்து, 1973-ல் அதைச் சிறு புத்தகமாகப் போட்டார்கள். அதுதான் லோன்லி பிளானட். 1975-ல் தென்கிழக்கு ஆசியாவுக்கென்று ஒன்று வந்தது, மஞ்சள் அட்டை. அதைத்தான் மூட்டைக்காரர்கள் வேதமாக வைத்துக்கொண்டார்கள். 2007-ல் நிறுவனத்தின் பெரும்பங்கு பிபிசிக்கு விற்கப்பட்டது. இன்றைய துரை அந்த 27 சென்ட் கதையை நாத் தழுதழுக்கச் சொல்வார். அப்போது அவர் கையிலிருக்கும் ஓட்ஸ் பால் காப்பியின் விலைக்கு எதிர்க்கடையில் இரண்டு வேளைச் சாப்பாடு வரும்.

1979-ல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. ஐரோப்பாவிலிருந்து காத்மாண்டுவரை வந்துகொண்டிருந்த ஹிப்பிப் பாதை அடைபட்டுப்போனது. கூட்டம் மெல்லத் தென்கிழக்கே திரும்பியது. தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று நீளும் அந்தத் தடத்துக்கு ‘பனானா பான்கேக் பாதை’ என்று செல்லப்பெயர் விழுந்தது. வழிநெடுக எந்த விடுதியில் தங்கினாலும் காலைப் பலகாரம் வாழைப்பழ பான்கேக்தான். ஆசியாவின் உணவை ருசிபார்க்க ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்களுக்காக ஆசியா கண்டுபிடித்துக் கொடுத்த பலகாரம் அது.

இந்தத் தம்பதியை ‘பயணி’ என்று சொல்லலாம். ‘சுற்றுலாப் பயணி’ என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடக் கூடாது, முகம் சுருங்கிவிடும். சுற்றுலாப் பயணி என்பவர் குளிர்சாதனப் பேருந்தில் வந்து, கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் போகிறவர். இவர்கள் யாருக்கும் தெரியாத இடங்களுக்குப் போகிறவர்கள். யாருக்கும் தெரியாத இடம் எது என்பதைப் போன மாதம் அங்கே போய்வந்த நாலு லட்சம் பேர் இணையத்தில் எழுதி வைத்திருப்பார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் தாய்லாந்தின் மாயா வளைகுடா. 1996-ல் அலெக்ஸ் கார்லண்ட் எழுதிய ‘தி பீச்’ நாவல் காவ் சான் சாலை விடுதியொன்றில்தான் ஆரம்பிக்கிறது. யாரும் அறியாத கடற்கரை ஒன்றைத் தேடிப்போகும் மூட்டைக்காரர்களின் கதை. அந்தத் தேடல் எங்கே கொண்டுபோய் விடும் என்கிற எச்சரிக்கையும்கூட. 2000-ல் லியனார்டோ டிகாப்ரியோ நடித்துப் படமாக வந்தது. படம் எடுத்த கடற்கரையான மாயா வளைகுடாவை உடனே எல்லாரும் அறிந்துகொண்டார்கள். எச்சரிக்கையை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டார்கள். படகுகள் மொய்த்துப் பவளப்பாறைகள் நாசமாகி, 2018-ல் தாய்லாந்து அரசு அதை மூடியது. திறக்க 2022 ஆயிற்று.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த வைராக்கியம் இன்னும் கடுமை. “உள்ளூர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்களோ அங்கேதான் சாப்பிடுவோம்” என்பது விமானம் ஏறுமுன் இருவரும் எடுத்த சபதம். சிக்கல் என்னவென்றால், பாங்காக் அலுவலகத்துப் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பேரங்காடியின் மாடியில் உள்ள உணவுக்கூடத்துக்குப் போகிறாள். அங்கே குளிர்சாதனம் உண்டு, விலையும் குறைவு. துரையோ பேரங்காடிக்குள் கால்வைக்க மாட்டார். அது அசல் இல்லை. வெயிலில் வேர்த்து வழிந்து, சாக்கடை ஓரத்துப் பிளாஸ்டிக் முக்காலியில் குந்தினால்தான் அவருக்கு அசல். ஆறடி இரண்டங்குல உடம்பைக் குழந்தை உயர முக்காலியில் இறக்கினால், முழங்கால் காதுக்கு வந்துவிடும். அந்த நிலையில் அவர் குச்சிகளால் நூடுல்ஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதைக் கடைக்காரப் பாட்டி கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்.

நள்ளிரவில் வேறு கதை. தாய்லாந்தில் 14,000-க்கும் மேற்பட்ட செவன் இலெவன் கடைகள் இருக்கின்றன. விடுதியை விட்டுத் தப்பு திசையில் நடந்தாலும் ஒன்றில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். பல் தேய்க்கப் பசை வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுப் போகும் துரைசானி, அங்கே பன்றியிறைச்சியும் சீஸும் வைத்த ரொட்டியைச் சுடவைத்து வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு வருவார். துரைக்கு இது தெரியும். நேற்று அதே கடையில் அவரும் பசைதான் வாங்கினார்.

காவ் சானில் தேளைக் குச்சியில் செருகி விற்கிறார்கள். தின்ன ஒரு விலை. படம் எடுக்க மட்டும் என்றால் 10 பாட் என்று அட்டை வைத்திருப்பார்கள். இந்த வியாபாரியைவிட மூட்டைக்காரர்களைப் புரிந்துகொண்டவர் உலகத்தில் இருக்க முடியாது.

ஹனோய்க்குப் போனால் பூன் சா சாப்பிட்டாக வேண்டும். கரியில் சுட்ட பன்றிக்கறியை மீன்சாற்றுக் கரைசலில் மிதக்கவிட்டு, அரிசிச் சேவையும் பச்சிலைகளும் பக்கத்தில் வைத்துத் தருவது. எந்தச் சந்தில் சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2016 மே மாதம் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமாவும் சமையல்காரரும் எழுத்தாளருமான ஆண்டனி போர்டெய்னும் ஒரு சாதாரணக் கடையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து இதைச் சாப்பிட்டார்கள். பில் ஆறு டாலர். கடைக்காரர்கள் அந்த மேசையையும், தட்டு, பாட்டில்களையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள். அன்று சாப்பிட்ட பதார்த்தங்களுக்கு ‘ஒபாமா காம்போ’ என்று பெயர். கண்ணாடிக்குள் இருக்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளூர்க்காரர் மாதிரி எளிமையாகச் சாப்பிட்ட ஒரு வெளியூர்க்காரரை நினைத்தபடி, இன்னும் நாற்பது வெளியூர்க்காரர்கள் சாப்பிடுவார்கள். சாப்பாட்டின்மேல் பழி இல்லை. அது ருசியானதுதான்.

பாங்காக்கின் ஜே ஃபாய் அம்மாள் இன்னொரு தலம். வயது முதிர்ந்தவர். எண்ணெய் கண்ணில் தெறிக்காமலிருக்கப் பனிச்சறுக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கரியடுப்பில் நண்டு ஆம்லெட் போடுகிறவர். 2017 டிசம்பரில் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது முதல் கடைவாசலில் மணிக்கணக்கில் காத்திருப்பு. ஆம்லெட் ஆயிரம் பாட்டைத் தாண்டும். அத்தனை வருஷம் அடுப்படியில் வெந்தவர் கேட்கிற விலையைக் கொடுப்பதே நியாயம். துரையும் கொடுத்துவிடுவார். ஆனால் அடுத்த மூன்று நாள் அந்த ஆயிரத்தைத் துக்துக் ஓட்டுநர்களிடமிருந்து வசூலிக்கப் பார்ப்பார்.

ஏனென்றால் கணக்கு துரையின் இலாகா. கைபேசியில் அதற்கென ஒரு செயலி: தங்குமிடம், உணவு, போக்குவரத்து என மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் தினசரி உச்சவரம்பு. 120 பாட் கேட்கும் துக்துக்கை 100-க்கு இறக்க வெயிலில் கால்மணி நேரம் நின்று வாதாடுவார். வென்ற பிறகு பணம் எடுக்கப் போவார். வெளிநாட்டு அட்டைக்கு இயந்திரம் ஒரு தடவைக்கு அந்த மிச்சத்தைப்போலப் பல மடங்கு பிடித்துக்கொள்ளும். அதைப் பற்றித் துரைசானி ஒரு வார்த்தை பேச மாட்டார். சும்மா துரையின் முகத்தைப் பார்ப்பார். அது போதும்.

துரைசானியின் இலாகா கொள்கை. பிளாஸ்டிக் எதிர்ப்பு அதில் முதலாவது; உறிஞ்சுகுழல் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். சியாங் மாயிலிருந்து பாய் என்கிற மலையூருக்குப் போகும் பாதையில் 762 வளைவுகள். போய்ச்சேர்ந்ததும் அந்த எண் போட்ட பனியனே விற்பார்கள். இருநூறாவது வளைவுவாக்கில் துரைசானி கொள்கையைத் தளர்த்தி, ஓட்டுநரிடம் பிளாஸ்டிக் பை கேட்பார். முந்நூறாவதில் இன்னொன்று.

மேகாங் ஆற்றில் லாவோஸ் எல்லையான ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்வரை இரண்டு நாள் படகுப் பயணம், நடுவில் பாக்பெங்கில் ஓர் இரவு. பழைய வேன்களிலிருந்து கழற்றிய இருக்கைகளைப் படகில் போட்டிருப்பார்கள். ‘உள்ளூர் மக்களோடு பயணம்’ என்று துரை குறிப்பேட்டில் எழுதுவார். முன்னால் உட்கார்ந்திருப்பது டச்சுத் தம்பதி, பின்னால் இஸ்ரேலியர்கள், பக்கத்தில் அவர் ஊரிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி வசிக்கும் ஒருவர். லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகர் வியெஞ்சானுக்கு 2021 டிசம்பரில் ரயில் வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. உள்ளூர் மக்கள் அதில்தான் போகிறார்கள்.

அங்கோர்வாட் சூரிய உதயமும் அப்படித்தான். ஒரு நாள் சீட்டு 37 டாலர். இருட்டோடு எழுந்து, தனிமையில் தரிசிக்கலாம் என்று குளக்கரைக்குப் போனால் அங்கே திருவிழாக் கூட்டம். கோபுரங்கள் கைபேசித் திரைகளில் உதிக்கும். தலைகளை வெட்டிவிட்டு எடுத்த படத்துக்குத் துரைசானி ‘மௌனம்’ என்று தலைப்புக் கொடுப்பார்.

ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு நாள், வயிறு தன் தீர்ப்பைச் சொல்லும். சிக்கன அறையின் கழிவறைத் தடுப்பு கூரைவரை எட்டாது. அந்த இருபத்துநாலு மணி நேரத்தில் இருவருக்கும் இடையில் இருந்த கடைசி ரகசியங்களும் போய்விடும். கலியாணத்துக்கு முன்பே ஜோடியாக இந்தப் பாதையில் வந்துபோகிறவர்கள் விவரமானவர்கள் என்று தோன்றுகிறது. குற்றவாளி யார் என்ற விசாரணையில் தெருக்கடை மேல் குற்றம் சாட்டவே மாட்டார்கள், அது விசுவாசம். ஐஸ்கட்டியைச் சொல்வார்கள், கீரையைச் சொல்வார்கள், கடைசியில் ஒருவரையொருவர் சொல்வார்கள்.

இப்படியாக மெலிந்து, கறுத்து, துரையும் துரைசானியும் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு வந்துசேருவார்கள். ஆர்மீனியன் தெருவில் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஜாகரேவிச் 2012-ல் ஒரு சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, அவர்கள் ஏறிப்போக நிஜச் சைக்கிள் ஒன்றையே சுவரோடு பொருத்திவிட்டார். அந்தச் சைக்கிளோடு படமெடுக்க வரிசை. துரை வரிசையில் நிற்க மறுத்து, வரிசையைப் படமெடுத்துக்கொண்டு நகர்வார். பசி முற்றும். எங்கிருந்தோ குழம்பு வாசனை இழுக்கும்.

நாசி கண்டார் கடை. தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் தோளில் காவடித் தடி போட்டு, ஒருபக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு, பிறகு கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மூட்டை சுமப்பதில் துரைக்கு முன்னோர்கள்.

பட்டியல் கிடையாது. தட்டில் சோறு விழும். விரலால் காட்ட வேண்டியதுதான்: பொரித்த கோழி, கணவாய், மீன்முட்டை, முழு வெண்டைக்காய். கரண்டிக்காரர் நிமிர்ந்து, “மேடம், பஞ்சிர்?” என்பார். வெள்ளம் விடட்டுமா என்று கேட்கிறார். துரைசானிக்குப் புரியாது, தலையாட்டிவிடுவார். கோழிக் குழம்பின்மேல் மீன் குழம்பு, அதன்மேல் ஆட்டுக் குழம்பு, அதன்மேல் ஒரு கருஞ்சிவப்புச் சாறு. சோற்றில் கரை உடைந்துபோகும். கல்லாக்காரர் அந்தத் தட்டை ஒரு விநாடி பார்த்து ஒரு தொகை சொல்வார். கோழிக்கு எவ்வளவு, வெண்டைக்காய்க்கு எவ்வளவு, குழம்புக்குத் தனியா என்று துரை செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பார். கல்லாக்காரர் அதே தொகையை, இன்னும் கொஞ்சம் மெதுவாக, திரும்பச் சொல்வார்.

துரை கணக்கு முடித்துத் திரும்பும்போது துரைசானி முள்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்துகொண்டிருப்பார். மணிக்கட்டுவரை குழம்பு. மூக்கு ஒழுகுகிறது. படம் எடுக்கவில்லை, இந்த ஊரில் உள்ளூர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்கவில்லை. சோறு தீர்ந்து குழம்பு மிஞ்சியதால் தட்டை நீட்டி மறுபடி வரிசையில் நிற்பார். அதே அளவு சோறு, அதே கரண்டி, அதே வெள்ளம். கல்லாக்காரர் இந்த முறை வேறொரு தொகை சொல்வார். உணவுக்கான உச்சவரம்பு முதல் தட்டிலேயே தீர்ந்துவிட்டபடியால், துரை இரண்டாவதைப் போக்குவரத்துத் தலைப்பில் எழுதிக்கொண்டு, தனக்கும் ஒன்று சொல்வார்.