கதவு மாற்றியாச்சா? இனி குடும்பத்தைப் பழக்குங்கள்

பழைய வேப்பங்கதவைக் கரையான் அரித்துவிட்டது. அருப்புக்கோட்டையில் ரெடிமேட் கதவு ஒன்றைப் பார்த்து, ஏழடிக்கு மூன்றரை என்று அளவு சொல்லி, லோடு ஆட்டோவில் பந்தல்குடிக்குக் கொண்டுவந்து மாட்டியும் ஆயிற்று. கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பும்போது ஆசாரி, "லேசாப் பிடிக்குது அண்ணாச்சி, போகப்போக செட்டாயிரும்" என்றார். செட்டாகப் போவது கதவா, நீங்களா என்று அவர் சொல்லவில்லை. நீங்கள்தான். எப்படி என்பதற்கே இந்தக் கையேடு.

1. முதலில் குற்றவாளியைத் தேடுங்கள்

ஆசாரியைக் கேட்டால் நிலை சாய்ந்திருக்கிறது என்பார். கொத்தனார் மண்ணைச் சொல்வார். கடைக்காரர் ஆசாரியைச் சொல்வார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இது கரிசல் காடு. ஈரம் குடித்தால் மண் உப்பும். வெயிலில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமில்லாத பழைய வீட்டில் சுவரும் நிலையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கி, வருஷக்கணக்கில் மெல்லக் கோணிப்போகும். பழைய கதவை அந்தக் கோணலுக்குத் தக்கபடி இழைத்து இழைத்து அதையும் கோணலாக்கி வைத்திருந்தார்கள். அதனால் சத்தமில்லாமல் சாத்திற்று. புதுக்கதவின் ஒரே குறை, அது மிஷினில் அறுத்த நேர்க்கதவு என்பதுதான்.

சந்தேகமிருந்தால் ஒரு நூலை எடுத்து, நிலையின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலை மற்ற இரு மூலைகளுக்கும் பிடியுங்கள். முடிச்சு சரியாக மூலையில் வந்து நின்றால் நிலை கோணவில்லை. விரற்கடை தள்ளி நின்றால் விடை கிடைத்துவிட்டது. இந்தச் சோதனையைக் கதவு வாங்குமுன் செய்வது நல்லது. வாங்கியபின் செய்தால், பக்கத்தில் ரத்தக்கொதிப்பு பார்க்கவும் ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

2. கதவுக்கென்று ஒரு பஞ்சாங்கம்

ஐப்பசி, கார்த்திகை: கதவு திறக்காது. வெளியே போக வேண்டியவர்கள் புரட்டாசியிலேயே போய்விடவும்.

மார்கழி, தை: ஓரளவு சாத்தும். சம்பந்தி வீட்டாரை அழைக்க உகந்த காலம்.

சித்திரை, வைகாசி: சுருங்கிவிடும். சந்து வழியாகப் பல்லி, பூரான், பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு ஆகியவற்றின் வரத்து உண்டு.

ஆடி: அம்மியே பறக்கிற காற்றில் கதவு எம்மாத்திரம்? அதுவே திறந்து, நாலுவழிச்சாலைப் புழுதியைக் கூடம்வரை அழைத்துவந்து உட்கார வைக்கும்.

ஐப்பசிப் பிடிப்புக்கு ஒரு காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஸ்டூல் போட்டு ஏறிக் கதவின் மேல் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். சொரசொரவென்று பச்சை மரமாக இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருப்பார்கள். ஈரம் பார்த்துவிடும். வெயில் காலத்திலேயே கதவைக் கழற்றி இரண்டு விளிம்புக்கும் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

3. குடும்பத்தாருக்குப் பயிற்சி

கைப்பிடியை இடது கையால் மேலே தூக்கவும். முழங்காலால் அடியில் ஒரு தட்டு. தோளால் ஒரு தள்ளு. தாழ்ப்பாள் துளைக்கு நேரே வரும் அந்தக் கணத்தில் வலது கையால் போடவும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அப்பத்தாவுக்கு விலக்கு அளிக்கவும். "இது என்ன கதவா, கமலை இறைக்கிற வேலையா?" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி சொல்வதைத் தடுக்க வழியில்லை.

திருடன் பற்றிய பயம் மட்டும் இனி வேண்டாம். இந்தப் பயிற்சியில்லாமல் அவனால் உள்ளே வர முடியாது.

4. காலண்டர் வைத்தியம்

கதவு தொங்கி, தாழ்ப்பாள் பக்கத்து அடிமூலை தரையில் உரசினால் மேல் கீலைப் பாருங்கள். கனத்தையெல்லாம் இழுத்துப் பிடிப்பது அதுதான். பழைய துளையிலேயே ஸ்க்ரூவை முடுக்கியிருந்தால் அது கையோடு வரும். துளையில் மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகால் தோய்த்துச் செருகி, காய்ந்தபின் நீளமான ஸ்க்ரூ போடவும். இன்னும் உரசினால் கீழ்க் கீலுக்குப் பின்னால் ஓர் அட்டைத் துண்டு வைத்து முடுக்குங்கள். உரசுகிற மூலை மேலே எழும்பும். தினசரி காலண்டரின் அட்டை இதற்கு வெகு பொருத்தம். தீக்குச்சியும் காலண்டரும் சிவகாசிச் சரக்கு; விருதுநகர் மாவட்டத்தில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வராது.

5. இழைப்புளிக்குத் தடை

மழைக்காலத்தில் கதவு பிடிக்கிறது என்று உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். கார்த்திகையில் இழைத்த இடம் சித்திரையில் சந்தாகும். அதோடு, இது வேப்பங்கதவு அல்ல, ஃப்ளஷ் டோர். ஓரத்தில் ஒட்டியிருக்கும் சட்டம் கொஞ்சம்தான். அதைத் தாண்டி இழைத்தால் உள்ளே என்ன வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்ற ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிடும்.

6. சட்டத்தின் துணை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லாமல் புகார் தரலாம். 2 ஆண்டுக்குள் தர வேண்டும். ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும். ஆசாரி கணக்கையெல்லாம் கதவின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பார். சாட்சியத்தைத் தாக்கல் செய்யக் கதவையே கழற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஆசாரி வர வேண்டும்.

7. கடைசி உபாயம்

எதிர்வீட்டுக்காரர் கதவை மெச்சி, மாட்டியவர் நம்பரைக் கேட்பார். தயங்காமல் கொடுங்கள். கதவைப் பற்றி நாலு நல்ல வார்த்தையும் சொல்லுங்கள். அவரை மறுபடி நம் தெருவுக்கு வரவழைக்க வேறு வழி கிடையாது.