குலுக்கல் மகாத்மியம்

இரண்டு டன்னுக்கு மேல் எடையும் ஏழு ஆசனங்களும் கொண்ட என் ரதம், இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்கு ஏறுகையில், கையிலிருக்கும் காப்பி மடியில் அபிஷேகமாகும்படி குலுங்குவதைத் தோஷமென்று நான் கருதியது சுத்த அஞ்ஞானம். "சார், இது இந்த மாடலோட சுபாவம், சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு, போகப்போக உங்க கால் பழக்கத்தை கியர்பாக்ஸே கத்துக்கும்" என்று சர்வீஸ் அட்வைசர் ஐந்தாம் முறையாக உபதேசித்தபோதுதான், வாரண்டி என்பது உரிமையாளரின் ஆத்ம பரிபக்குவத்துக்காக ஏற்பட்ட மூன்றாண்டு விரதம் என்று தெளிந்தேன். டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றிப் பார்க்கலாமே என்ற பாமரப் பிரார்த்தனையையும் அன்றே கைவிட்டேன். விரதம் பூர்த்தியான மறுநாள், வண்டி பணிமனை வாசலில் நிற்குமுன்பே, அம்மகான் செவியை மட்டும் சற்றே சாய்த்து, "கியர்பாக்ஸ் போச்சு சார்" என்றார். எஸ்டிமேட் ரூ. 4,80,000, ஜி.எஸ்.டி. தனி.