பெட்டிக்குள் தலை

கோயம்புத்தூரில் ஐந்தாறு பத்தர்கள் வாடகையைப் பங்கு போட்டு ஒரே அறையில் வேலை பார்க்கும் பட்டறைகள் உண்டு. உலை, தராசு எல்லாம் பொது. இப்போது புகை உறிஞ்சும் பெட்டியும் பொது. பெட்டி வந்த இடத்தில் பெரியவர் ஒருவரும் இருப்பார். சேர்த்துத்தான் விற்கிறார்களோ என்னவோ.

பெரியவருக்குப் பெட்டியின் மேல் கோபம் கிடையாது. பூனை நுழையாத இடம் என்று டிபன் கேரியரை அதற்குள்தான் வைப்பார். பின்சுவரில் மருதமலை முருகன் காலண்டர். பக்கத்தில் காலியும் பாதியுமாய் ஆசிட் பாட்டில்கள். மிச்சமுள்ள இடத்தில் வேலை.

மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக்: இதுதான் தங்கத்தைக் கரைக்கும் ராஜ திராவகம். சூடேறினால் செம்பழுப்பாய்ப் புகை கிளம்பும். பீக்கரை விளிம்பிலிருந்து ஆறு அங்குலமாவது உள்ளே தள்ளி, கண்ணாடிக் கதவைத் தாழ இறக்கி, கையை மட்டும் உள்ளே விட வேண்டும். பெரியவர் கதவை உச்சிக்கு ஏற்றிவிட்டுக் கழுத்து வரை போய்விடுவார்.

"கரைஞ்சுதான்னு கண்ணால பாக்க வேண்டாமா கண்ணு?"

"புகை உடனே ஒண்ணும் பண்ணாதுங்க. ராத்திரி படுத்த பொறவு நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு முட்டும்" என்றான் இளைய பத்தர்.

"எனக்குத்தான் எட்டு மணிக்கே தூக்கம் வந்துருமே!"

கேடிஎம் நகைக் காலத்தில் காட்மியம் சேர்த்த பொடி வைத்து ஊதியவர் அவர். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். காட்மியம் 767-லேயே கொதித்து ஆவியாகிவிடும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் போல அடிக்கும். 'உலைச் சூடு' என்று மிளகு ரசம் குடித்துப் படுத்துவிடுவார். அன்று வைத்த பொடி இன்னும் பேச்சில் மிச்சமிருக்கிறது: "இப்பத்த பசங்களுக்கு நெஞ்சைக் காயிதத்துல செஞ்சுட்டாங்க போல."

வியர்க்கிறதென்று முதுகுக்குப் பின்னால் டேபிள் ஃபேன் வேறு. நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் பெட்டி இழுக்கிற காற்றை அது ஒரே வீச்சில் கலைத்துவிடும். பெட்டியின் காற்றாடியையோ போடவே விட மாட்டார். தங்கத்தூள் குழாய் வழியே ஆகாயத்துக்குப் போய்விடுமாம்! இதற்குச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டறைக் குப்பையையே காசாக்குகிற தொழில் இது.

ஒரு வெள்ளிக்கிழமை முருகனுக்கு ஊதுபத்தி காட்டினார். ஃபேன் ஓடவில்லை. இளையவன் பெட்டிக் காற்றாடியை ஓசைப்படாமல் தட்டிவிட்டான். புகை நேரே காலண்டர் பக்கம் போயிருக்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போய், தயங்கி, பெரியவர் மூக்குக்கே திரும்பி வந்தது.

"சாமி வாங்கிக்க மாட்டேங்குதே" என்று பதறிப்போனார்.

காலண்டரைக் கழற்றினால் பின்சுவரின் இழுப்புத் துவாரம். இத்தனை நாள் அதை அடைத்துக்கொண்டிருந்தது முருகன்தான்.

இப்போது முருகன் தராசுக்கு மேலே. காலையில் காற்றாடியைப் போட்டு, பெட்டி வாசலில் ஊதுபத்தியைப் பிடித்து, புகை உள்ளே வளைகிறதா என்று பார்த்து, பத்தியை அணைத்த பிறகுதான் பெரியவர் திராவகத்தைத் தொடுகிறார். கேரியர் மட்டும் இன்னும் உள்ளேதான்.

நேற்று இளையவனைத் தனியே கூப்பிட்டார். மாடியில் குழாய் வாய்க்கு வேட்டித்துணியை இறுக்கக் கட்டினால், போகிற தங்கத்தைப் பிடித்துவிடலாமே என்று கேட்டாராம்.