மூங்கில் கூடையில் மிஞ்சும் ஒன்று: எம்.ஜி. ரோட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

மூங்கில் கூடையில் வரும் சீனச் சிற்றுண்டியான டிம்சம் பற்றிப் பேசுவோர் ருசியைப் பேசுகிறார்கள். அதைவிட அதிகம் பேர் விலையைப் பேசுகிறார்கள். கூடையில் கடைசியாக மிஞ்சும் ஒன்றை யார் தின்பது என்ற அடிப்படைச் சிக்கலோ ஆய்வுலகின் கண்ணில் படாமலே கிடக்கிறது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வெல்லை: பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் மேற்கே பிரிகேட் ரோடு, கிழக்கே டிரினிட்டி சர்க்கிள். கப்பன் பூங்காவையும் விதான சௌதாவையும் பார்த்துவிட்டு, பிரிகேட் ரோட்டில் செருப்பு பேரம் பேசி, பசியோடு வெளியூர்க்காரர்கள் ஒதுங்கும் இடம் இது. பழைய லிடோ தியேட்டர் நின்ற இடத்தில் இப்போது மால் இருக்கிறது. 2004இல் லண்டன் சோஹோவில் தொடங்கிய டிம்சம் உணவகமான யாவாட்சா, மும்பை வழியாக அங்கே வந்து சேர்ந்தது. சாலையோர மோமோ வண்டிகள் ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. ஒரு தட்டை ஒருவரே வாங்கி நின்றபடி தின்றுவிடுவதால் அங்கே சிக்கலே எழுவதில்லை.

சிக்கலின் வேர் எண்ணிக்கையில் இருக்கிறது. கான்டன் வழக்கப்படி இறால் வைத்த ஹார் காவ் கூடைக்கு நான்கு. ஆவியில் வேகும் பாவ் பெரும்பாலும் மூன்று. வருகிற குடும்பமோ அப்பா, அம்மா, பிள்ளைகள் இருவர், கோயம்புத்தூரிலிருந்து வந்த சித்தப்பா என ஐந்து பேர். பாவ் இரண்டு கூடை சொன்னால் ஆறு. ஆளுக்கு ஒன்று போக ஒன்று மிச்சம். ஹார் காவ் நான்கு கூடை சொன்னாலும் பதினாறு. அங்கும் ஒன்று மிச்சம். ஐந்து கூடை சொன்னால் மிச்சம் வராது, பில் வரும். புரட்டாசி மாதத்தில் வகுக்கும் எண் திடீரென்று ஐந்திலிருந்து இரண்டாகிவிடுவது மேலாய்வுக்கு உரியது.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. மூன்றால் வகுத்தால் மீதி 2, ஐந்தால் வகுத்தால் மீதி 3, ஏழால் வகுத்தால் மீதி 2 வரும் எண் எது என்று சுன்சியின் பழைய சீனக் கணித நூல் கேட்டது. விடை 23. சீன மீதித் தேற்றம் என்று இன்று கல்லூரியில் படிப்பது இதிலிருந்து வளர்ந்ததுதான். மீதி எவ்வளவு என்று கேட்டவர் அதை யார் எடுத்துக்கொள்வது என்று சொல்லாமல் போனது ஈண்டு நோக்கத்தக்கது. இவ்வகைக் கணக்குக்குப் பொதுவழியான குட்டகத்தை ஆரியபட்டர் 499இல் எழுதிய நூலில் தந்தார். அவர் பெயர் தாங்கிய செயற்கைக்கோள் இதே ஊரின் பீன்யாவில் உருவாகி, 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணுக்குப் போனது. பீன்யாவில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் டிரினிட்டி. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

இனி கள ஆய்வு. மூடியைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். கோதுமை ஸ்டார்ச்சில் செய்த மேல்தோல் கண்ணாடிபோல் இருக்க, உள்ளே இறால் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதன் ஓர மடிப்புகளை எண்ணித்தான் சமையல்காரரின் கைத்திறனை மதிப்பிடுவார்கள். முதல் சுற்று பேச்சில்லாமல் முடிகிறது. ஒன்று மிஞ்சியதும் எல்லோருக்கும் பேச்சு வந்துவிடுகிறது.

“நீங்க எடுத்துக்கோங்க மாப்ள, எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு.”

“ஐயோ, வேண்டாம் மாமா. நீங்கதான் கம்மியா சாப்பிட்டீங்க.”

இருவர் பார்வையும் கூடையிலேயே இருக்கிறது. அலுவலக நண்பர்கள் வந்தால் உரையாடல் இன்னும் சுருக்கம்: “யாராவது முடிங்கப்பா.” ஒருவரும் முடிப்பதில்லை. அதற்குள் தோல் ஆறி, உலர்ந்து, அடிக்காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது. பெரிய மனது பண்ணி ஒருவர் சாப்ஸ்டிக்கால் கிள்ளும்போது தோல் காகிதத்தோடு நின்றுவிட, இறால் மட்டும் கையோடு வருகிறது. பணியாளர் வந்து “எடுத்துடலாமா சார்?” என்றால் மட்டும் நாலைந்து சாப்ஸ்டிக்குகள் ஒரே நேரத்தில் உயர்கின்றன. வயிறு நிறைந்தது என்ற வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ள இயலாது என்பது இதனால் பெறப்படும்.

பெங்களூர் இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. 1983இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி வந்தபின் ஊரெங்கும் பரவிய தர்ஷினிகளில் ஆளுக்கொரு தட்டு, நின்றுகொண்டே சாப்பாடு. சங்கரபுரத்தில் 1965 முதல் நடக்கும் பிராமின்ஸ் காபி பாரில் சாம்பார்கூடக் கிடையாது, இட்லிக்குச் சட்னிதான். அங்கே யாரும் யாரையும் எடுத்துக்கொள்ளச் சொல்வதில்லை. மறுபடி சட்னி கேட்கும்போது வெட்கப்படுவதும் இல்லை.

ஆகவே ஐந்து பேராகப் போகும் வாசகர்கள், இரண்டு கூடை பாவ் சொன்ன கையோடு, ஆறாவது யாருக்கு என்பதை டீ வருவதற்குள் முடிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.