கையுறைக்குக் கைகூப்பி

பெருமதிப்புக்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களின் கையுறை அணிந்த பொற்கரங்களுக்கு,

நேற்று முன்தினம் தங்கள் மாளிகையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன ப்ராஸ்டேட் பேஷன்ட்டின் மகன் எழுதுவது. பெயர் சொன்னால் தங்களுக்குத் தெரியாது. பில்லில் 118 ஜோடி கையுறை இருந்ததே, அவருடைய மகன்.

முதலில் நன்றி. காலையில் டாக்டர் வந்து, டியூபை எடுக்கச் சொல்லிவிட்டு, “அப்பா, இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்” என்றார். அப்பா உடனே வேட்டி மாற்றிக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்துவிட்டார். வெகுளி. தங்கள் மாளிகையில் வீட்டுக்கு அனுப்புவது டாக்டர் இல்லை, பில்லிங் கவுன்டர் என்பது அவருக்குத் தெரியாது. அங்கிருந்த பெண்ணுக்குத்தான் என்ன மரியாதை! “இன்சூரன்ஸ் அப்ரூவல் வரணும் சார். டென் மினிட்ஸ் சார்.” சாருக்குத் தனியாகப் பில் போடாத தங்கள் பெருந்தன்மையை இங்கே பதிவு செய்கிறேன்.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆஸ்பத்திரி கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும்; தாமதத்தால் ஏறும் கட்டணத்தைக் கம்பெனியே சுமக்க வேண்டும். செல்போனில் அதைப் படித்துக் காட்டிய என்னை அந்தப் பெண் பரிதாபமாகப் பார்த்தாள். தாங்கள் கேட்டால்தானே அந்தக் கடிகாரம் ஓடும்? கேட்டதே மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

சாயந்திரம் ஒப்புதல் வந்தது, கையுறை நீங்கலாக. கையுறை ‘நான் பேயபிள்’ ஐட்டமாம். கையிலிருந்து கட்டினால்தான் கேட் பாஸ்.

அப்பா ஜவுளிக்கடையில் ஆயுள் முழுக்கக் கணக்கெழுதியவர். பில்லை வாங்கிப் பார்த்து மனக்கணக்குப் போட்டார். தூங்கிய நேரம் போக, அரை மணிக்கொரு தரம் யாரோ ஒருவர் புதுக் கையுறையோடு தன்னைத் தொட்டிருக்க வேண்டும் என்றார். பெல் அடித்தால் ஆள் வராத வார்டில் இத்தனை பேர் எப்போது வந்து தொட்டார்கள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். தூக்கத்தில் வந்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

அறையை ஒப்புதல் வருவதற்கு முன்பே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அடுத்த ‘கெஸ்ட்’ காத்திருக்கிறார் என்று. அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். டியூப் எடுத்த அன்றைக்கு மூத்திரம் சொல்லிக்கொண்டு வராது. ஆபரேஷன் செய்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழ்த்தளக் கழிப்பறையில் ‘பராமரிப்பில் உள்ளது’ என்று பலகை. லிஃப்ட் பக்கம் தள்ளினால், டிஸ்சார்ஜ் ஆனவருக்கு வார்டில் அனுமதி இல்லை என்றார் செக்யூரிட்டி. வாசலுக்குத் தள்ளினால், கேட் பாஸ் இல்லை. பரிபூரணமாகக் குணமாகி, எங்கேயும் போக முடியாமல் உட்கார்ந்திருந்த மனிதர், அத்தனை பேர் பார்க்க வேட்டியை நனைத்துக்கொண்டார். நனைத்துவிட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

118 ஜோடிக்குப் பணம் கேட்டீர்களே, அதில் ஒரு கை வந்ததா? மாப் போடுகிற அம்மாவைத் தவிர ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா கையில் கையுறையும் இல்லை. பணத்தகராறுக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம். படித்திருக்கிறீர்களா? பெற்ற தகப்பனை இப்படி உட்கார வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

மன்னிக்கவும். கையுறையைக் கழற்றிவிட்டேன். மறுபடி மாட்டிக்கொள்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று தாங்கள் அன்போடு கேட்கலாம். அங்கேதான் முதலில் போனோம். விடிவதற்குள் ஓ.பி. சீட்டு வரிசை. “ஏய் பெருசு, தள்ளி நில்லு” என்றார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் டீக்காசு என்று ஆரம்பித்து டிபன் காசில் முடித்தார். ஒரு கட்டிலில் ஒருவரும் கட்டிலுக்குக் கீழே இன்னொருவரும் படுத்திருந்தார்கள். ஸ்கேனுக்கு ஒரு தேதி, ஆபரேஷனுக்கு வேறொரு தேதி, இரண்டுக்கும் நடுவில் ஒரு தீபாவளி. ஆனால் 1994இல் அரசு தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு வாங்கிய மாத்திரையைக் காசில்லாமல் கொடுத்தார்கள். கையுறையை யாரும் எண்ணவில்லை. அதட்டலும் இலவசம்தான்.

அங்கே அப்பாவைப் பார்த்த டாக்டர்தான், சாயந்திரம் தங்கள் மாளிகையிலும் பார்த்தார். காலையில் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. பாவம், வெளியே முந்நூறு பேர் நிற்கும்போது யாரால் முடியும்? சாயந்திரம் தோளில் கைவைத்து, பேரன் பெயரெல்லாம் விசாரித்தார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பார்த்துக்கொள்வார்கள். அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரத்தைத் தாண்டியதும் நான் வசதி படைத்தவன் என்று அரசாங்கம் முடிவுகட்டி, என் கையைப் பிடித்துத் தங்கள் கையுறையில் ஒப்படைத்துவிட்டது.

தங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2018இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களைப் பிரித்துப் பார்த்தபோது, லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. அவர்களோடு ஒப்பிட்டால் தாங்கள் தர்மப்பிரபு.

இன்று காலை தங்கள் அலுவலகத்திலிருந்து போன். ஐந்து ஸ்டார் போடச் சொன்னார்கள். அப்பாவிடம் கேட்டேன். ஸ்டாருக்கு எவ்வளவு என்று கேட்கச் சொன்னார்.

அடுத்த வாரம் ரிவ்யூ. அதே டாக்டர்தான் என்பதால் காலையிலேயே பெரியாஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வதாக இருக்கிறோம். தள்ளி நிற்கத் தயார் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் கெஸ்ட்டின் மகன்