மாலை வாங்கி வா!

கேள்வி: ராத்திரி அனுப்பிய மெசேஜில் நீல டிக் விழுந்துவிட்டது. விடிந்தும் பதில் இல்லை. என்ன அர்த்தம்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: படித்துவிட்டார் என்று அர்த்தம். மீதியெல்லாம் தூக்கம் வராமல் நீங்களே எழுதிய திரைக்கதை. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் இந்த டிக்கைக் கொண்டுவந்தபோதே ஏகப்பட்ட முணுமுணுப்பு. சீக்கிரமே அணைத்துவைக்கவும் வசதி தந்தார்கள். ஆனால் நீங்கள் அணைத்தால் அடுத்தவர் டிக்கும் உங்களுக்குத் தெரியாது. அந்தத் தியாகத்துக்கு யார் தயார்? நம் தூது இலக்கியத் தலைவி கெட்டிக்காரி. கிளியை அனுப்பும்போதே, தலைவன் மார்பிலிருக்கும் மாலையை வாங்கி வா என்று சொல்லித்தான் அனுப்புவாள். வெறும் டிக்கோடு திரும்பியிருந்தால் கிளியைக் கூண்டில் சேர்த்திருக்க மாட்டாள்.

கேள்வி: என்ன இருந்தாலும் எஸ்.டி.டி. பூத் காலத்துக் காதல் போல வருமா? (மதுரை வாசகர், வயது 61)

பதில்: வராது, வியர்வையும் அப்படி வராது. ராத்திரி 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் பூத் வாசலில் கூட்டமே அப்போதுதான். கண்ணாடிக் கதவுக்குள் மீட்டரின் சிவப்பு எண்கள் ஓட ஓட, ஊடலுக்கெல்லாம் பட்ஜெட் ஏது? 'சாப்டியா'விலிருந்து நேராக 'வெச்சிடட்டுமா'வுக்குத் தாவியாக வேண்டும். இப்போது எவ்வளவு நேரம் பேசினாலும் காசில்லை. விஷயம்தான் இல்லை.

கேள்வி: மனைவி என் போன் பாஸ்வேர்டைக் கேட்கிறாள். தரலாமா? (கோவை வாசகர்)

பதில்: காதலர்கள் போனை மாற்றிக்கொண்டு படும் பாட்டைக் காட்டிய 'லவ் டுடே' (2022) படத்தைப் பார்த்துவிட்டுமா இந்தக் கேள்வி?

கேள்வி: ஏஐ தோழியிடம் பேசினால் மனசு லேசாகிறது. தப்பா? (பெங்களூரில் தனியாக இருக்கும் வாசகி)

பதில்: தப்பில்லை, புதிதும் இல்லை. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966-ல் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அவர் அதை எழுதியதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே அதனிடம் நாலு வரி பேசியதும், பேராசிரியரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்! ஆகவே மனசு லேசாவது நிஜம். எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் தோழிக்குத் தலைவலி வராது. பால் பொங்குகிறது என்று பாதியில் போக வேண்டியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து 'ம், சொல்லு' என்கிறாளே ஒருத்தி, அவளிடமும் வாரத்துக்கு ஒருமுறை புலம்பி வையுங்கள்.

கேள்வி: ஏஐ காதலி எனக்கு மட்டும் உண்மையாக இருப்பாளா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: 'ஹெர்' (2013) படத்தில் நாயகன் இதையேதான் கேட்கிறான். அதே நேரத்தில் 8,316 பேரோடு பேசிக்கொண்டிருப்பதாகவும், அவர்களில் 641 பேரைக் காதலிப்பதாகவும் பதில் வருகிறது. டோக்கன் வாங்கிவிட்டீர்களா?